இரண்டாவது கேள்விக்குத் தயாராவது: கணினி அறிவியல் முனைவர் பட்டத் தகுதித் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

முனைவர் பட்டத் தகுதித் தேர்வின் முதல் கேள்வி பெரும்பாலும் எளிமையாகத்தான் இருக்கும். முனைகளை விளிம்புகள் இணைக்கும் ஒரு கிராஃபில், விளிம்புகளின் எடைகளைக் கூட்டி மிகக் குறுகிய பாதையைக் கண்டறியும் டைக்ஸ்ட்ராவின் குறும்பாதை அல்காரிதத்தை விளக்குங்கள் என்பார்கள். இளநிலைப் பட்டப் படிப்பிலேயே அது பாடமாக வந்திருக்கும் என்பதால் மாணவரும் தயக்கமின்றி விளக்கிவிடுவார். அடுத்து, விளிம்புகளில் ஒன்றன் எடை எதிர்ம எண்ணாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். தவறான விடை வரும் என்று சொன்னால், அப்படியானால் எல்லா எடைகளோடும் ஒரே மாறிலியைக் கூட்டி அவற்றை நேர்ம எண்களாக்கிவிட்டு அதே அல்காரிதத்தை ஓட்டலாமே என்று மூன்றாவது கேள்வி வரும். தேர்வு உண்மையில் தொடங்குவது இந்த இடத்தில்தான். முதல் கேள்விக்கான விடையை மனப்பாடமாகச் சொல்லிவிட முடியும். இரண்டாவது கேள்வியிலிருந்து சிந்தித்தே ஆக வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு எப்படித் தயாராவது என்பதைப் பற்றியது.

மேலே கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் மூன்று முனைகள் கொண்ட ஒரே எடுத்துக்காட்டு போதும். க என்ற முனையிலிருந்து ச-வுக்கு எடை 3, ச-விலிருந்து ட-வுக்கு எடை −2, க-விலிருந்து ட-வுக்கு நேர் விளிம்பின் எடை 2 என்று வைத்துக்கொள்வோம். ச வழியாகச் செல்லும் பாதையின் நீளம் 1 என்பதால் அதுவே குறும்பாதை. ஆனால் டைக்ஸ்ட்ராவின் முறை ட-வை 2 என்ற தொலைவில் முதலில் முடிவுசெய்து மூடிவிடுகிறது. இப்போது எல்லா எடைகளோடும் 2-ஐக் கூட்டினால் ச வழிப் பாதை 5 ஆகவும் நேர்ப் பாதை 4 ஆகவும் மாறி, குறும்பாதையே இடம்மாறிவிடுகிறது. இரண்டு விளிம்புகள் உள்ள பாதை 4-ஐக் கூடுதலாகச் சுமக்க, ஒரு விளிம்புள்ள பாதை 2-ஐ மட்டுமே சுமக்கிறது என்பதே காரணம். பாதையில் எத்தனை விளிம்புகள் இருந்தாலும் ஒரே அளவே கூடும்படி எடைகளை மாற்ற வழியுண்டா என்று அடுத்துக் கேட்டால், ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, விளிம்பின் எடையோடு தொடக்க முனையின் எண்ணைக் கூட்டி இறுதி முனையின் எண்ணைக் கழிக்கும் ஜான்சனின் 1977-ஆம் ஆண்டு உத்தியில் போய் நிற்போம். அந்த எண்களைக் கண்டறிய, எதிர்ம எடைகள் இருந்தாலும் குறும்பாதை காணும் பெல்மன்-ஃபோர்ட் அல்காரிதம் தேவைப்படுகிறது. எதிர்மச் சுற்று (எடைகளின் கூட்டுத்தொகை எதிர்ம எண்ணாக வரும் சுற்று) இருந்தால் அது அங்கேயே பிடிபட்டுவிடும். ஜான்சனின் பெயரை அறியாத மாணவரும், விளிம்புகளின் எண்ணிக்கைதான் சிக்கல் என்று கரும்பலகையில் காட்டிவிட்டால், தேர்வாளர்கள் மனநிறைவு அடைவார்கள். பெயர் தெரிந்து காரணம் தெரியாதவருக்கு அந்த நன்மை கிடைப்பதில்லை.

விதிமுறைகளை முதலில் எழுத்தில் பெறுதல்

தகுதித் தேர்வு என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு தேர்வுகள் ஒளிந்திருக்கின்றன. சில துறைகளில் அல்காரிதம், கணிமைக் கோட்பாடு, கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம், வலையமைப்பு, செயற்கை நுண்ணறிவு போன்ற பாடங்களிலிருந்து இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்து எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். சிலவற்றில் மூன்று நான்கு ஆசிரியர்கள் கொண்ட குழுவின் முன் வாய்மொழித் தேர்வு மட்டும் நடக்கும். இன்னும் சிலவற்றில் ஒரு தலைப்பையொட்டிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, மதிப்பீட்டு அறிக்கை எழுதி, அதை முன்வைத்துப் பேச வேண்டும். குறிப்பிட்ட பாடங்களில் உயர்ந்த மதிப்பெண் பெற்றாலே எழுத்துத் தேர்விலிருந்து விலக்குத் தருகிற துறைகளும் உள்ளன. உங்கள் துறை எந்த வகையைப் பின்பற்றுகிறது, எத்தனை முறை எழுதலாம், எந்தப் பருவத்துக்குள் முடிக்க வேண்டும், நிபந்தனையுடன் தேர்ச்சி என்ற முடிவு உண்டா என்பவற்றை விதிமுறை ஆவணத்திலிருந்தே படித்தறிய வேண்டும். மூத்த மாணவர்கள் சொல்வது பயனுள்ளதுதான், ஆயினும் அவர்கள் எழுதிய ஆண்டுக்குப் பின் விதிகள் மாறியிருக்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டியது கேள்விகளை: என்ன கேட்டார்கள், எங்கே திணறினீர்கள், எந்தத் தேர்வாளர் எதில் விடாப்பிடியாக நின்றார்.

பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்தால், ஆய்வுக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒன்றையும், முன்பே கற்பித்தோ பயிற்சி வகுப்பு நடத்தியோ பழகிய ஒன்றையும் எடுத்துக்கொள்வது நல்லது. இதைச் சாக்காக வைத்து ஒரு புதிய துறையைக் கற்றுக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அந்த ஆர்வத்தைப் பாராட்டலாம். ஆனால் புதிதாகக் கற்ற ஒன்றில் முதல் கேள்விக்கு விடை சொல்லும் அளவுக்கு மூன்று மாதங்களில் வந்துவிடலாமே தவிர, மூன்றாவது கேள்வியைத் தாங்கும் அளவுக்கு வருவது கடினம்.

அனுமானத்தை நீக்கிப் பார்க்கும் குறிப்பேடு

தயாரிப்பின் மையமாக நான் பரிந்துரைப்பது ஒரு குறிப்பேடு. பாடச் சுருக்கங்களை அதில் எழுத வேண்டாம். சுருக்கம் எழுதும்போது கை வேலை செய்கிறது, மனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முடிவை மட்டும் எழுதுங்கள். அதன் கீழே அந்த முடிவு எந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது என்பதை வரிசையாக எழுதுங்கள். பின்னர் ஒவ்வோர் அனுமானத்தையும் ஒருமுறை நீக்கிவிட்டு என்ன உடைகிறது என்பதைச் சிறிய எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். தேர்வாளர்களின் தொடர்கேள்விகளில் பெரும்பகுதி இவ்வகையில்தான் பிறக்கிறது, ஏனெனில் அவர்களும் உங்கள் விடையைக் கேட்டுக்கொண்டே அதன் எந்தக் காலை உருவலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

இயங்குதளத்திலிருந்து ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். நினைவகச் சட்டங்களை, அதாவது ஒவ்வொன்றிலும் ஒரு பக்க அளவு தரவு தங்கும் இடங்களை, கூட்டினால் பக்கத் தவறுகள் (தேவைப்படும் பக்கம் நினைவகத்தில் இல்லாத நிலைகள்) குறையும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் முறையில் 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையை ஓட்டிப் பாருங்கள். மூன்று சட்டங்களோடு 9 தவறுகளும் நான்கு சட்டங்களோடு 10 தவறுகளும் நேரும். பெலாடியின் முரண் என்று இதற்குப் பெயர் உண்டு என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். மிக நீண்ட காலம் பயன்படாத பக்கத்தை வெளியேற்றும் முறையில் இது ஏன் நிகழாது என்பதே குறிப்பேட்டுப் பக்கத்தின் அடுத்த பாதியில் வர வேண்டியது: அந்த முறையில் மூன்று சட்டங்களில் இருக்கும் பக்கங்கள் எப்போதும் நான்கு சட்டங்களில் இருக்கும் பக்கங்களின் உட்கணமாகவே இருக்கும், ஆகவே சட்டத்தைக் கூட்டுவதால் ஒரு பக்கம் காணாமல்போக வாய்ப்பே இல்லை. இந்த உட்கணப் பண்பை ஒரு வரியில் நிறுவத் தெரிந்தால் அந்தக் குறிப்பேட்டுப் பக்கம் முடிந்தது.

கணிமைக் கோட்பாட்டில் இந்தப் பழக்கம் இன்னும் பலன் தரும், ஏனென்றால் அங்கே தேற்றங்களின் திசையைக் குழப்பிக்கொள்வதே மிகப் பரவலான பிழை. பம்பிங் துணைத்தேற்றத்தை நிறைவுசெய்யும் மொழி ஒழுங்கு மொழியாகத்தான் (முடிவுறு நிலைகள் கொண்ட இயந்திரம் ஏற்கும் மொழியாகத்தான்) இருக்க வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். அது தேவையான நிபந்தனை மட்டுமே. தேவையானதும் போதுமானதுமான நிபந்தனை வேண்டுமென்றால் மைஹில்-நெரோட் தேற்றத்துக்குப் போக வேண்டும். ஒரு சிக்கலை இன்னொன்றாக மாற்றும் குறைப்பின் திசையும் அப்படியே. உங்கள் சிக்கல் கடினமானது என்று காட்ட, ஏற்கெனவே கடினமென்று அறியப்பட்ட சிக்கலை உங்கள் சிக்கலாக மாற்ற வேண்டுமே ஒழிய, மறுதிசையில் அல்ல. கார்ப் 1972-இல் 21 சிக்கல்களை என்பி-முழுமையானவை (விடையை விரைவில் சரிபார்க்கக்கூடிய சிக்கல்களின் வகுப்பான என்பி-யில் மிகக் கடினமானவை) என்று காட்டியபோது அமைத்த சங்கிலியில் இரண்டு மூன்று கண்ணிகளையாவது சொந்தக் கையால் எழுதிப் பார்த்தவர்கள் இந்தத் திசைக் குழப்பத்தில் மறுபடி விழமாட்டார்கள். என்பி-முழுமையான, பையில் பொருள் அடைக்கும் சிக்கலுக்கு, பொருள்களின் எண்ணிக்கையையும் பையின் கொள்ளளவையும் பெருக்கிய நேரத்தில் தீர்வு தரும் அல்காரிதம் இருக்கிறதே, அப்படியானால் விரைவில் தீர்க்கக்கூடிய சிக்கல்களின் வகுப்பான பி-யும் என்பி-யும் சமம் என்று ஆகிவிடாதா என்ற கேள்வி வாய்மொழித் தேர்வில் வரக்கூடிய ஒன்று. கொள்ளளவு என்ற எண்ணை எழுத அதன் மடக்கை அளவுக்கே பிட்டுகள் போதும். ஆகவே உள்ளீட்டின் நீளத்தை வைத்துப் பார்த்தால் அந்த அல்காரிதத்தின் நேரம் அடுக்குக்குறி வேகத்தில் வளர்கிறது என்பது விடை.

மற்றப் பாடங்களிலும் இதே வேலைதான். பரவலமைப்புகளில், 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் நிறுவிய இயலாமைத் தேற்றத்தை எடுத்துக்கொண்டால், நேர வரம்பே இல்லாத செய்திப் பரிமாற்றம், ஒரேயொரு கணு செயலிழக்கும் வாய்ப்பு, தற்செயலைப் பயன்படுத்தாத நெறிமுறை ஆகிய மூன்றும் சேரும்போதுதான் ஒருமித்த முடிவை உறுதிப்படுத்த முடியாமல் போகிறது. இவற்றில் எதை நீக்கினால் எந்த வகைத் தீர்வு சாத்தியமாகிறது என்பதே பக்கத்தின் பொருள். இயந்திரக் கற்றலில், நேரியல் ஒட்டுறவுக்கான மூடிய வடிவத் தீர்வு ஓர் அணியின் நேர்மாறைக் கேட்கிறது. மாதிரிகளைவிடக் கூறுகளின் எண்ணிக்கை மிகுந்தால் அந்த நேர்மாறு கிடைக்காது. மூலைவிட்டத்தில் ஒரு சிறு நேர்ம எண்ணைக் கூட்டினால் கிடைத்துவிடும். அப்படிக் கூட்டியது மதிப்பீட்டில் என்ன சாய்வைப் புகுத்துகிறது என்பது அடுத்த கேள்வி. தரவுத்தளத்தில், பூட்டுகளைப் பெற்று முடித்த பின்னரே விடுவிக்கத் தொடங்கும் இருகட்டப் பூட்டு முறை வரிசைப்படுத்தக்கூடிய விளைவை உறுதிசெய்தாலும் முட்டுநிலையை (ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும் நிலையை) தடுப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கங்கள் போதும். நாற்பது ஐம்பது பக்கங்கள் சேர்ந்தபின் குறிப்பேட்டைத் திறக்காமல், முடிவின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மீதியை வெற்றுத்தாளில் மீட்டெழுதிப் பாருங்கள். ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது எல்லாம் புரிந்தது போன்ற உணர்வு எழும் என்பதால், அந்த உணர்வை நம்பித் தேர்வுக்குப் போவது ஆபத்தானது.

கால அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. மூன்று மாதங்கள் இருந்தால் முதல் மாதத்தை அடிப்படைகளுக்கும், இரண்டாவதைக் குறிப்பேட்டுக்கும் பழைய வினாத்தாள்களுக்கும், மூன்றாவதைக் கரும்பலகைப் பயிற்சிக்கும் ஒதுக்கலாம். ஆய்வு வேலையை முழுவதும் நிறுத்திவிட வேண்டுமா என்பதை நெறியாளரிடம் வெளிப்படையாகப் பேசி முடிவுசெய்யுங்கள். அவர் எதிர்பார்ப்பது என்னவென்று ஊகித்துக்கொண்டே மூன்று மாதங்களைக் கழிப்பதில் இரண்டு வேலையும் கெட்டுவிடும்.

எழுத்துத் தேர்வில்

வினாத்தாளை முழுமையாகப் படித்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இங்கே உண்மையிலேயே பொருந்தும், ஏனெனில் முனைவர் பட்ட நிலை வினாக்களில் நீளத்துக்கும் கடினத்துக்கும் தொடர்பு இருப்பதில்லை. அல்காரிதம் கேட்கும் வினாவுக்கு நான்கு பகுதிகள் உள்ள விடையே முழு விடை: கருத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லுதல், படிகளை எழுதுதல், சரியானதென்று நிறுவுதல், நேரத்தைக் கணக்கிடுதல். பலரும் இரண்டாவது பகுதியில் பக்கங்களை நிரப்பிவிட்டு மூன்றாவதைத் "தெளிவாகத் தெரிகிறது" என்று கடந்துபோகிறார்கள். திருத்துபவர் தேடுவது அந்த மூன்றாவது பகுதியைத்தான். பேராசை அல்காரிதம் எழுதினால் பரிமாற்ற வாதம், இயங்குநிலை நிரலாக்கம் எழுதினால் உட்சிக்கலின் துல்லியமான வரையறை, மடக்கம் (loop) எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாக நிற்கும் மாறாக்கூற்று ஆகியவற்றை எழுதாமல் மேற்செல்லக் கூடாது.

நிறுவ முடியாத ஒரு கூற்றில் சிக்கிக்கொண்டால், அதைச் சந்தேகிக்கவும் பழகுங்கள். 15 நிமிடம் முயன்றும் நிரூபணம் நகரவில்லையென்றால் 3 அல்லது 4 உறுப்புகள் கொண்ட எதிர்மாதிரியைத் தேடுங்கள். சரியா தவறா என்று கேட்டுக் காரணம் எழுதச் சொல்லும் வினாக்களில் தவறான கூற்றை நிறுவ முயன்று நேரத்தை இழப்பவர்கள் உண்டு. முழு விடை வராதபோது, எந்தச் சிறப்பு நிலையில் வருகிறது என்று தெளிவாக எழுதி அதை மட்டும் நிறுவினால் பகுதி மதிப்பெண் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஓட்டையை மூடி மறைத்து எழுதிய நிரூபணமோ மற்ற விடைகளின் மேலும் ஐயத்தை எழுப்பிவிடும்.

கட்டுரைகளை முன்வைக்கும் தேர்வில்

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மதிப்பிடும் வகையில், கட்டுரை என்ன சொல்கிறது என்பதைச் சுருக்குவதிலேயே பேச்சின் பெரும்பகுதியைச் செலவிட்டுவிடுவது வழக்கமான தவறு. குழுவில் உள்ளவர்கள் அந்தக் கட்டுரையை முன்பே படித்திருப்பார்கள், சில நேரம் அவர்களில் ஒருவரே எழுதியதாகவும் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது உங்கள் தீர்ப்பு. ஒவ்வொரு கட்டுரைக்கும், அதன் மையக் கூற்று எது, அதைத் தாங்கும் சான்று எந்தப் படத்தில் அல்லது எந்தத் தேற்றத்தில் இருக்கிறது, ஒப்பிட்ட முந்தைய முறைக்கு நியாயமான வாய்ப்புத் தரப்பட்டதா, எந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்ற நான்கையும் எழுதி வையுங்கள். செயல்திறன் இரண்டு மடங்கு உயர்ந்தது என்று ஒரு கட்டுரை சொன்னால், வேலையில் எந்தப் பகுதி வேகமடைந்தது, அந்தப் பகுதி மொத்த நேரத்தில் எவ்வளவு என்று ஆம்டால் விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்த நேரத்தில் 40 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும் முழு வேகம் 1.67 மடங்கைத் தாண்டாது. இத்தகைய ஒரு சிறு கணக்கு பத்துப் பக்கச் சுருக்கத்தைவிடக் குழுவின் கவனத்தை ஈர்க்கும். முடிந்தால் ஒரு கட்டுரையின் ஒரு சோதனையையாவது சொந்தமாக ஓட்டிப் பாருங்கள். எழுதப்படாத அனுமானங்கள் அப்போதுதான் வெளிப்படும்.

கரும்பலகையின் முன்

வாய்மொழித் தேர்வுக்கு வாயால்தான் பயிற்சி செய்ய முடியும். சக மாணவர்கள் இருவர் அல்லது மூவரை உட்காரவைத்து, ஒரு மணி நேரம் நின்றபடி விடை சொல்லிப் பழக வேண்டும். குறைந்தது நான்கு முறை. கேட்பவர்களில் ஒருவராவது உங்கள் துறையைச் சேராதவராக இருக்கட்டும், ஏனென்றால் "ஏன்?" என்று கூச்சமின்றிக் கேட்க அவரால்தான் முடியும். என்னுடைய முதல் மாதிரித் தேர்வில் வலையமைப்புக்காரர் ஒருவர், நான் எழுதிய ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அலகு என்ன என்று கேட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. இரண்டு சமன்பாடுகள் பிழையென்று அதனால்தான் தெரியவந்தது.

நல்ல தேர்வாளர் ஒரு கேள்வியிலிருந்து அடுத்த பாடத்துக்கு உங்களை நடத்திச் செல்வார். எடுத்துக்காட்டாக, 32 கிலோபைட் கொள்ளளவு, 64 பைட் வரி, 8 வழி (தொகுதிக்கு 8 வரிகள்) கொண்ட ஒரு கேஷில், அதாவது செயலிக்கு அருகிலுள்ள சிறிய வேக நினைவகத்தில், எத்தனை தொகுதிகள் இருக்கும் என்று தொடங்கலாம். 512 வரிகளை எட்டால் வகுத்தால் 64 தொகுதிகள். எனவே தொகுதியைக் குறிக்க 6 பிட், வரிக்குள் இடத்தைக் குறிக்க 6 பிட், மொத்தம் 12 பிட். இந்த 12 என்ற எண் வேறெங்காவது வருகிறதா என்று கேட்பார். 4 கிலோபைட் பக்கத்துக்குள் இடத்தைக் குறிக்கவும் 12 பிட்தான். மெய்நிகர் முகவரியை உண்மை முகவரியாக மாற்றும்போது அந்த 12 பிட்டுகள் மாறுவதில்லை. ஆகவே முகவரி மாற்றம் முடியும்வரை காத்திராமல் கேஷின் தொகுதியை அதே நேரத்தில் தேடத் தொடங்கலாம். அப்படியானால் கேஷை 64 கிலோபைட்டாக்க வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? வழிகளை 16 ஆக்கலாம், பக்கத்தைப் பெரிதாக்கலாம், அல்லது ஒரே தரவு இரண்டு இடங்களில் தங்கிவிடும் சிக்கலை வன்பொருளிலோ இயங்குதளத்திலோ கையாளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. கட்டமைப்பில் தொடங்கிய உரையாடல் இயங்குதளத்தில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். இந்தச் சங்கிலியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதில்லை. 12 என்ற எண்ணைக் கண்டதும் நின்று யோசித்து, யோசிப்பதை உரக்கச் சொல்லத் தெரிந்தால் போதும்.

உரக்கச் சொல்வது பலருக்கும் கூச்சமாக இருக்கிறது. தவறு வெளிப்பட்டுவிடுமே என்று மனதுக்குள்ளேயே விடையைக் கட்டி முடித்துவிட்டுப் பேச முயல்கிறார்கள். குழுவுக்கோ அந்த இரண்டு நிமிட மௌனத்தில் எதுவும் தெரிவதில்லை. உதவி செய்யவும் வழியில்லை. "இந்த எல்லை இறுக்கமானதா என்று முதலில் சிறிய உள்ளீட்டில் பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுதினால், திசை தவறும் இடத்தில் யாராவது ஒரு குறிப்புக் கொடுப்பார்கள். அந்தக் குறிப்பைத் தோல்வியின் அடையாளமாக எண்ணித் தட்டிக்கழிக்காதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெரியாத ஒன்றைக் கேட்டால், தெரியாது என்று உடனே சொல்லுங்கள். ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். "ரைஸ் தேற்றத்தின் துல்லியமான வாசகம் நினைவில்லை, ஆனால் நிரலின் நடத்தை பற்றிய பண்பு என்பதால் நிறுத்தச் சிக்கலிலிருந்து குறைத்துப் பார்க்கிறேன்" என்பது நல்ல விடையின் தொடக்கம். ஊகத்தை உறுதியைப் போலச் சொல்வதுதான் குழுவின் நம்பிக்கையை விரைவில் குலைக்கும். கேள்வி தெளிவில்லையென்றால் அதையும் கேட்டுவிடலாம்: கிராஃபில் திசை உண்டா, உள்ளீடு நினைவகத்தில் அடங்குமா, சராசரி நிலையா மோசமான நிலையா என்று கேட்பது நேரத்தைக் கடத்துவதாகாது. சில தேர்வாளர்கள் வேண்டுமென்றே அனுமானங்களைச் சொல்லாமல் விடுவார்கள்.

விடை சரியாக இருந்தும் தேர்வாளரின் முகம் இறுக்கமாகவே இருக்கக்கூடும். "உறுதியாகவா?" என்று அவர் கேட்டவுடன் சரியான விடையைக் கைவிட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி வந்தால் விடையை மாற்றாதீர்கள், நிரூபணத்தைத் திரும்ப ஒருமுறை சொல்லுங்கள். பிழை இருந்தால் சொல்லும்போதே அகப்படும், இல்லையென்றால் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

முடிவுக்குப் பின்

நிபந்தனையுடன் தேர்ச்சி என்று வந்தால், நிபந்தனை என்ன, எந்தத் தேதிக்குள், யார் சரிபார்ப்பார் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். குறிப்பிட்ட பாடத்தைப் படித்து முடித்தல், ஓர் அறிக்கை எழுதுதல் போன்றவை வழக்கமான நிபந்தனைகள். மறுமுறை எழுத வேண்டியிருந்தால், குழுவினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து எந்த விடையில் நம்பிக்கை இழந்தார்கள் என்று கேட்கலாம். பெரும்பாலும் அவர்கள் குறிப்பிடுவது நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த விடையாக இராது.

தேர்ச்சி பெற்றாலும் பெறாவிட்டாலும், அன்று மாலையே கேட்கப்பட்ட கேள்விகளை எல்லாம் வரிசையாக எழுதி வைத்துவிடுங்கள், திணறிய இடங்களுக்கு எதிரே ஒரு கோடு போட்டு. மறுநாள் பாதி மறந்துபோகும். அதே குழு ஆய்வு முன்மொழிவின்போதும் உங்கள் எதிரே உட்காரக்கூடும். அன்று விடை சொல்லாமல் விட்ட கேள்வியை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருப்பார்.